மைனஸ் எஃப் ரூட்

தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் பழைய நெறிமுறை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதி) டெல்நெட். அதன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஒரே குற்றச்சாட்டைத்தான் எடுப்பார்கள்: பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் வெட்டவெளியில் போகிறது. உண்மைதான். வலையில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலை ஓடவிட்டு ஒரு டெல்நெட் இணைப்பைப் பிடித்துப் பாருங்கள். நிர்வாகிக் கணக்கின் பெயரான ரூட் என்று டைப் செய்தால், "ஆர் ஆர் ஓ ஓ ஓ ஓ டி டி" என்று ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும். நாம் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி பாக்கெட்டாக, அதாவது சின்னத் தரவுப் பொட்டலமாக, போகிறது. சர்வர் அதைத் திருப்பி அனுப்பினால்தான் நம் திரையில் தோன்றும். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் மட்டும் சர்வர் திருப்பி அனுப்பாது, நம் தோளுக்குப் பின்னால் நிற்பவர் பார்த்துவிடக் கூடாதே என்று. அதனால் இரட்டை எழுத்துகள் எங்கே ஒற்றையாகின்றனவோ அங்கேதான் பாஸ்வேர்டு ஆரம்பிக்கிறது. ஒட்டுக்கேட்பவருக்கு இடத்தைச் சுட்டிக்காட்டிக் கொடுப்பதே அந்தப் பாதுகாப்பு ஏற்பாடுதான்.

கோவைப் பக்கத்து ஆலைகள் சிலவற்றுக்கு நெட்வொர்க் வேலை பார்த்துத் தருகிறேன். அங்கே டெல்நெட் இன்னும் சாகவில்லை. பழைய ஸ்விட்சுகள், யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டு, சீரியல் போர்ட்டை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னப் பெட்டிகள் என எங்காவது டெல்நெட்டின் வாசலான 23-ம் போர்ட் திறந்தே கிடக்கும். பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. வெட்டவெளிப் பாஸ்வேர்டு டெல்நெட்டின் பெரிய வியாதி இல்லை. எதிர்முனை தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதுதான் பெரிய வியாதி. அதற்கு என்கிரிப்ஷன், அதாவது போகும் தகவலை மறையெழுத்தாக்குவது, மருந்தாகாது.

முதலில் வெட்டவெளிக் கதையை முடித்துவிடுகிறேன்.

டெல்நெட் பற்றிய முதல் குறிப்பு, வலை விதிகளை எழுதிவைக்கும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையின் 15-ம் எண்ணில், 1969 செப்டம்பரில் வருகிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போனது அக்டோபர் 29-ம் தேதி. அதாவது வலையமைப்பு பேச ஆரம்பிக்கும் முன்பே, தொலைவிலிருக்கும் கணினிக்குள் எப்படி நுழைவது என்று எழுதிவைத்துவிட்டார்கள். அந்த முதல் செய்தியே ஒரு லாகின் முயற்சிதான். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு "லாகின்" என்று அடிக்கப் போய், "எல்", "ஓ" இரண்டும் போனதும் எதிர்முனை படுத்துவிட்டது. இன்றைக்கு நாம் டெல்நெட் என்று அழைப்பது 1983 மே மாதத்தில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸும் எழுதிய ஆர்.எஃப்.சி. 854. அதில் பாதுகாப்பு என்றொரு பகுதியே கிடையாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதவிதமான டெர்மினல்கள் விதவிதமான கணினிகளோடு பேச வேண்டும். அதற்கு ஒரு கற்பனை டெர்மினலை வரையறுத்து, "நீ இதைச் செய்வாயா, நான் அதைச் செய்கிறேன்" என்று இரண்டு முனைகளும் பேரம் பேச வழி செய்து கொடுத்தார்கள். அன்றைய சிக்கலுக்கு அழகான தீர்வு அது.

சிக்கல் கேபிளில் இருந்தது. அந்தக் காலத்து ஈதர்நெட்டில் ஒரே கோஆக்ஸியல் கம்பியில் கட்டடம் முழுக்கத் தொங்கும். பிறகு ஹப் வந்தது. இரண்டிலும் ஒருவர் அனுப்புவது எல்லோர் கார்டுக்கும் போகும். ஒரே ஒரு கணினியைப் பிடித்துவிட்டால் போதும், பக்கத்துக் கணினிகளின் பாஸ்வேர்டெல்லாம் வரிசையாக வந்து விழும். 1994 பிப்ரவரியில் அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் ஓர் எச்சரிக்கை விட்டது: இப்படி ஒட்டுக்கேட்டுப் பல்லாயிரக்கணக்கான கணினிகளின் நுழைவு விவரங்களை யாரோ அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அடுத்த வருடம் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் அதே மாதிரி நடந்தது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யுலோனன் உட்கார்ந்து, டெல்நெட்டின் வேலையை என்கிரிப்ட் செய்து பார்க்கும் எஸ்.எஸ்.எச்.சை எழுதினார். 1995 ஜூலையில் வெளியிட்டார், வருடம் முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள்.

எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 காலியாக இருந்தது. அதைக் கொடுங்கள் என்று, போர்ட் எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு யுலோனன் ஒரு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே "ஒதுக்கிவிட்டோம்" என்று பதில் வந்தது. பதில் எழுதியவர் ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ். டெல்நெட்டின் விதிகளை எழுதிய இருவரில் ஒருவர், அதை வீட்டுக்கு அனுப்பப்போகும் நெறிமுறைக்குத் தன் கையால் பக்கத்து எண்ணைக் கொடுத்தார்.

சரி, வெட்டவெளிக் கதை அவ்வளவுதான். இனி நம்பிக்கையின் கதை.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தில், தொலைவிலிருந்து நுழைய ஆர்லாகின், கட்டளை கொடுக்க ஆர்.எஸ்.எச். என்ற இரட்டையர் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிப்பது தொல்லை என்பதால், "இந்தக் கணினியிலிருந்து வரும் இந்த ஆளைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடு" என்று டாட் ஆர்ஹோஸ்ட்ஸ் என்ற சின்னக் கோப்பில் எழுதிவைத்துவிடலாம். இணைப்பு தொடங்கியதும் ஆர்லாகின் கிளையன்ட் தானே சொல்லும்: இங்கே என் பெயர் இன்னது, அங்கே இன்ன பெயரில் நுழைய வேண்டும், என் டெர்மினல் இன்ன வகை. சர்வர் நம்பிக்கொள்ளும். நம்புவதற்கு ஆதாரம் இரண்டே. ஒன்று, வருகிற ஐ.பி. முகவரி. மற்றது, 1024-க்குக் கீழான போர்ட்டிலிருந்து இணைப்பு வருகிறதா என்பது. யுனிக்ஸில் ரூட்டால்தான் அந்தப் போர்ட்டுகளைத் திறக்க முடியும், ஆகவே எதிர்முனை நிர்வாகி பொறுப்பானவர் என்று பொருள். கணினி என்றால் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் வாக்ஸ் என்றும், அதற்கொரு நிர்வாகி சம்பளத்துக்கு இருப்பார் என்றும் இருந்த காலத்தில் இது ஓரளவு எடுபட்டது. மேசை மேல் பி.சி. வந்து, அவரவர் கணினிக்கு அவரவரே ரூட் ஆன நாளில் அந்த ஆதாரம் செத்தது. நெறிமுறை மட்டும் சாகவில்லை.

1988 நவம்பர் 2-ம் தேதி கார்னெல் மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் விட்ட புழு (கணினிக்குக் கணினி தானே தாவும் நிரல்), பரவப் பயன்படுத்திய வழிகளில் இந்த ஆர்.எஸ்.எச். நம்பிக்கையும் ஒன்று. ஒரு கணினிக்குள் புகுந்ததும், இது யார் யாரை நம்புகிறது, யார் இதை நம்பக்கூடும் என்று பட்டியல் எடுத்துக்கொண்டு அடுத்த கணினிக்குப் போனது. இதே மோரிஸ் மூன்று வருடம் முன்னால், 1985-ல், பெல் ஆய்வகத்தில் இருந்தபோது ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார். இணைய இணைப்புகளை நடத்தும் டி.சி.பி. முறையில், ஓர் இணைப்பு தொடங்கும் வரிசை எண்ணை ஊகிக்க முடிந்தால், பதில் பாக்கெட் ஒன்றைக்கூடப் பார்க்காமல் இன்னொரு கணினிபோல் நடிக்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

அந்தக் கட்டுரை 1994 கிறிஸ்துமஸ் அன்று செயலாக வந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் சுதோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது நடந்த அந்தத் தாக்குதல் ஹேக்கர் கெவின் மிட்னிக்கின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஷிமோமுராவின் கணினி ஒன்று நம்பிய சர்வர் வாய் திறக்க முடியாதபடி அதன் லாகின் போர்ட்டை அரைகுறை இணைப்புகளால் நிரப்பினார்கள். அதை நம்பிய கணினியின் வரிசை எண் இணைப்புக்கு இணைப்பு 128,000 கூடுவதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அந்தச் சர்வர் பேசுவதுபோல் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு ஆர்.எஸ்.எச். கட்டளை: ரூட்டின் டாட் ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பில் "பிளஸ் பிளஸ்" என்று ஒரு வரி சேர். எந்தக் கணினியானாலும், எந்த ஆளானாலும் உள்ளே விடு என்பதே அதன் அர்த்தம். இந்த முழுத் தாக்குதலிலும் யாருடைய பாஸ்வேர்டையும் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. கேட்கப் பாஸ்வேர்டே அங்கே இல்லை.

ஆர்லாகின் விதிகளை 1991 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 1282 ஆக எழுதியபோது, கடைசியில் "எச்சரிக்கைக் கதை" என்று தலைப்பிட்டு ஒரு பகுதி சேர்த்தார்கள். இந்த வசதி பாதுகாப்பைக் குறைக்கிறது, ஏற்கெனவே தாக்குதல்களில் பயன்பட்டிருக்கிறது என்று அதிலேயே இருக்கிறது. ஒரு நெறிமுறை தன்னை நம்பாதே என்று தானே சொன்னதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

யுனிக்ஸில் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் வேலை லாகின் என்ற தனி நிரலுடையது. ஆர்லாகின் சர்வர் டாட் ஆர்ஹோஸ்ட்ஸைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டால், மறுபடி பாஸ்வேர்டு கேட்க வேண்டாம் என்று லாகினுக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும். அதற்காக வந்தது மைனஸ் எஃப் என்ற ஆப்ஷன். "மைனஸ் எஃப், இன்னார்" என்றால், இவரை ஏற்கெனவே சரிபார்த்தாகிவிட்டது, உள்ளே விடு. ரூட் மட்டுமே லாகினை இப்படி அழைக்க முடியும் என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்தார்கள். வலையிலிருந்து வருபவர்களுக்காக லாகினை அழைக்கும் சர்வர் நிரல் ரூட்டாகத்தான் ஓடுகிறது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

வாசலில் வாட்ச்மேன் "பேர் என்ன?" என்று கேட்கிறார். வந்தவர், "என் பேர் 'முதலாளி சொன்னார், இவரை உள்ளே விடு'" என்கிறார். வாட்ச்மேன் அதை அப்படியே சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிறார். உள்ளே இருப்பவர் சீட்டைப் படிக்கிறார். வாட்ச்மேன் கையெழுத்துதான், விட்டுவிடுகிறார்.

1994 மே மாதத்தில் ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸிலும் சில லினக்ஸ்களிலும் இதுதான் நடந்தது. ஆர்லாகினில் பயனர் பெயராக "மைனஸ் எஃப் ரூட்" என்று கொடுத்தால், சர்வர் அதைப் பெயர் என்று நினைத்து லாகினிடம் நீட்டும். லாகின் அதை ஆப்ஷன் என்று படித்து, பாஸ்வேர்டு கேட்காமல் ரூட்டாக உட்கார வைத்துவிடும். செர்ட் எச்சரித்தது, ஓட்டையை அடைத்தார்கள், எல்லோரும் பாடம் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

2007 பிப்ரவரியில் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10. இந்த முறை டெல்நெட். டெல்நெட் கிளையன்ட் தன் பயனர் பெயரைச் சூழல் மாறியாக (நிரலுக்குக் கூடவே போகும் பெயர்-மதிப்புக் குறிப்பாக) அனுப்பி வைக்கும் வசதி உண்டு. அங்கே "மைனஸ் எஃப்" போட்டுக் கூடவே ஒரு கணக்கின் பெயர். வழக்கமான அமைப்பில் ரூட், கணினியின் நேரடித் திரையான கன்சோலில் மட்டும்தான் நுழையலாம் என்பதால் "பின்", "ஏ.டி.எம்.", "எல்.பி." போன்ற சிஸ்டம் கணக்குகளைப் பயன்படுத்தினார்கள். அந்த மாதம் முடியும் முன்பே இதை வைத்துப் பரவும் ஒரு புழுவும் வந்துவிட்டது.

2026 ஜனவரியில் மூன்றாவது முறை. இப்போது லினக்ஸில் பயன்படும் குனு இனெட்யூடில்ஸ் என்ற வலை நிரல் தொகுப்பின் டெல்நெட் சர்வர். யூசர் என்ற சூழல் மாறியில் "மைனஸ் எஃப் ரூட்" என்று வைத்து இணைத்தால் நேராக ரூட். பழைய நிரலில் விட்டுப்போன ஓட்டை என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2015-ல் செய்த ஒரு மாற்றத்தோடு புதிதாக உள்ளே வந்து, பத்து வருடத்துக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. 1994-ல் பாடம், 2007-ல் பாடம், அப்புறமும் 2015-ல் ஒருவர் உட்கார்ந்து அதே ஓட்டையைப் புதிதாகப் போடுகிறார், மற்றவர்கள் பார்த்துச் சரி என்கிறார்கள்! செய்தி வந்த அன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று மாலையே வாடிக்கையாளர்களின் லினக்ஸ் பெட்டிகள் எல்லாவற்றிலும் தேடினேன். நல்லவேளை, எதிலும் அந்தச் சர்வர் ஓடவில்லை.

இந்த மூன்றிலும் இணைப்பு முழுக்க என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் விளைவு மாறியிருக்காது. திருடர் நேர்வழியில் வந்து, கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொன்னார், அவ்வளவுதான்.

இதே வகையில் வேறு பெயர்களில் வந்தவையும் உண்டு. 1995 நவம்பரில் தெரியவந்த ஓட்டையில், கிளையன்ட் அனுப்பும் சூழல் மாறிகளைச் சர்வர் வடிகட்டாமல் லாகினுக்குக் கொடுத்ததால், எந்த லைப்ரரியை (துணை நிரல் தொகுப்பை) ஏற்றுவது என்பதையே வெளியாள் தீர்மானிக்க முடிந்தது. 2017 மார்ச்சில் சிஸ்கோ, தன் ஸ்விட்சுகளில் 318 மாடல்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த சில டெல்நெட் ஆப்ஷன்களை, வெளியிலிருந்து யார் அனுப்பினாலும் ஏற்றுக்கொண்டன. விக்கிலீக்ஸ் வெளியிட்ட சி.ஐ.ஏ. ஆவணங்களை ஆராய்ந்தபோதுதான் சிஸ்கோவுக்கே அது தெரிந்தது.

என்கிரிப்ஷன்தான் மருந்து என்பவர்களிடம் நான் சொல்வது 2011 டிசம்பர் கதை. டெல்நெட்டுக்கும் என்கிரிப்ஷன் ஆப்ஷன் ஒன்று உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. ஃப்ரீபி.எஸ்.டி. என்ற யுனிக்ஸ் வகையில், என்கிரிப்ஷன் சாவியைப் பெற்று வைக்கும் அந்த நிரலிலேயே, வரும் சாவியின் நீளத்தைச் சரிபார்க்கவில்லை. எதிர்முனை சொன்ன நீளத்தை நம்பினார்கள். பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்கு முன்பே ரூட் கிடைத்தது. பாதுகாப்புக்காகச் சேர்த்த பகுதி வழியாகவே உள்ளே வந்தார்கள்.

மிராய் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் எல்லோரும் அறிந்தது என்பதால் சுருக்கமாக. 2016-ல் கண்காணிப்பு கேமராக்கள், டி.வி.ஆர். பெட்டிகள், ரவுட்டர்கள் எனத் தேடித் தேடி 23, 2323 போர்ட்டுகளைத் தட்டி, அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் முயன்று உச்சத்தில் சுமார் ஆறு லட்சம் கருவிகளைப் பிடித்தது. அக்டோபர் 21-ம் தேதி டைன் என்ற நிறுவனத்தின் டி.என்.எஸ். சேவையை (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) தாக்கியபோது ட்விட்டர், கிட்ஹப் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. இங்கேயும் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டு போதுமானதாக இருந்தது; சில கருவிகளில் அதை மாற்றவே வழியில்லை. நம் ஊரிலும் 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் பதம் பார்த்தது. ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதே பாஸ்வேர்டோடு எஸ்.எஸ்.எச். திறந்திருந்தாலும் இதே கதிதான். சந்தேகமிருந்தால், இணையத்தில் 22-ம் போர்ட்டைத் திறந்துவைத்த ஏதாவது ஒரு சர்வரின் லாகை, அதாவது பதிவேட்டைப் பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

எஸ்.எஸ்.எச்.சின் பெரிய சாதனையாக எனக்குப் படுவது என்கிரிப்ஷன் இல்லை, சர்வரும் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று ஆக்கியதுதான். முதல் முறை இணைக்கும்போது சர்வரின் சாவியை அடையாளம் காட்டும் "கைரேகை" எண் ஒன்றைக் காட்டி, இது சரிதானா என்று கேட்கும். நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? "யெஸ்" அடித்து என்டர். அதோடு பழைய டாட் ஆர்ஹோஸ்ட்ஸின் இடத்தில் யாருடைய சாவிகளுக்கு அனுமதி என்று எழுதிவைக்கும் ஆதரைஸ்டு கீஸ் கோப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. கணிதப்படி வலுவானதுதான். ஆனால் வேலையை விட்டுப்போன ஆட்களின் சாவிகள் அதில் வருடக்கணக்கில் கிடக்கும். யாருடையது என்று கேட்டால் பதில் இருக்காது. யுலோனனே பிற்காலத்தில் இந்தக் கேட்பாரற்ற சாவிகளைப் பற்றித்தான் எச்சரித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழைய பழக்கமும் எஸ்.எஸ்.எச்.சுக்கு வந்து ஒட்டியது. எழுத்துக்கு ஒரு பாக்கெட் என்பது அதிலும் உண்டு. எழுத்து தெரியாது, ஆனால் இரண்டு எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பது தெரியும். அதை வைத்தே பாஸ்வேர்டைக் கணிசமாக ஊகிக்கலாம் என்று பெர்க்லி ஆய்வாளர்கள் 2001-ல் காட்டினார்கள். எஸ்.எஸ்.எச்.சின் பரவலான வடிவமான ஓபன்எஸ்.எஸ்.எச். 2023 அக்டோபரில் வந்த 9.5 பதிப்பில்தான் போலி விசைத் தட்டல்களைக் கலந்து இதை மழுப்ப ஆரம்பித்தது.

ஆலைகளுக்கு வருவோம். நான்கு லட்ச ரூபாய் இயந்திரத்துக்குள் டெல்நெட் மட்டுமே தெரிந்த ஒரு கார்டு இருந்தால், கார்டுக்காக இயந்திரத்தைத் தூக்கிப்போடச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவற்றை வி.லேன் என்ற தனித்த உள்வலையில் போட்டு, அங்கே நுழைய ஒரே ஒரு லினக்ஸ் பெட்டியை வைத்து, அந்தப் பெட்டிக்கு எஸ்.எஸ்.எச். சாவியால் மட்டும் வரலாம் என்று ஆக்கிவிடுவேன். டெல்நெட் அந்தப் பெட்டிக்கும் கருவிக்கும் இடையே மட்டும் ஓடட்டும். டெல்நெட் கிளையன்ட்டை நான் எதிர்ப்பவன் இல்லை; ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க இன்றும் கை முதலில் அதைத்தான் அடிக்கிறது. மேக்கில் 2017-ல் அதை எடுத்துவிட்டது எனக்கு எரிச்சல்தான்.

சண்டை வருவது இயந்திரம் விற்ற ஆட்களோடு. ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளர் போனில், "சார், 23-ஐ வெளியிலிருந்து ஓப்பன் பண்ணிக் கொடுங்க, நாங்க உள்ளே வந்து பார்த்துக்கிறோம். பாஸ்வேர்டு எங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். எல்லா ஆலைகளுக்கும் ஒரே பாஸ்வேர்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமாம் சார், சர்வீஸுக்கு அதுதான் வசதி" என்றார். வெளியிலிருந்து உள்வலைக்குப் பாதுகாப்பாக வர வி.பி.என். கணக்கும் எஸ்.எஸ்.எச். சாவியும் கொடுத்து அந்தப் பெட்டி வழியாக வரச் சொன்னேன். இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் பெட்டியின் சாவிக் கைரேகையை ஒரு தாளில் அச்சடித்து முதல் நாளே கையில் கொடுத்துவிடுகிறேன். திரையில் வேறு எண் வந்தால் "யெஸ்" அடிக்காமல் எனக்கு போன் செய்யுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் போய் அந்தப் பெட்டியில் லினக்ஸைப் புதிதாக நிறுவியபோது, அதே பொறியாளர்தான் முதலில் அழைத்தார்.